சத்தமில்லாத மாடி

"மேல்வீட்டுக்காரன் நடக்கிற சத்தமே கேட்கலைங்க. சொந்த வீட்டுக்குள்ள யாராவது இப்படிப் பதுங்கிப் பதுங்கி நடப்பாங்களா?"

கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தான். "முன்னாடி இருந்தவங்க நாற்காலியை இழுத்தாங்கன்னு மாடி ஏறிப் போய்ச் சண்டை போட்ட. இவன் இழுக்கலைன்னு சந்தேகப்படுற. மேல்வீட்டுல குடியிருக்கறவன் என்னதான் பண்ணுவான்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைத்தெருவில் குண்டு வெடித்ததிலிருந்து பகலிலும் கதவைத் தாழிட்டே வைத்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை வேறு. சந்தேகப்படும்படி யாராவது தென்பட்டால் உடனே சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்று டி.வி.யில் அரசாங்கம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

மேல்வீட்டு இளைஞன் தனி ஆள். புதிதாகக் குடிவந்தவன். யாரோடும் பேச்சில்லை. படிக்கட்டின் அடியிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவன் திருடன் மாதிரி ஏறுவதைக் கதவிடுக்கு வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

கணவன் வேலைக்குக் கிளம்பியதும் போன் செய்துவிட்டாள்.

மத்தியானமே போலீஸ் வந்துவிட்டது. பூட்ஸ் கால்கள் தடதடவென்று மாடி ஏறியதில் குழந்தை வீறிட்டு எழுந்தது. தோளில் போட்டுத் தட்டித் தட்டி, ஒருவழியாக அது கண்ணயர்ந்தபோது அதிகாரி மட்டும் இறங்கி வந்தார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா," என்றார் தணிந்த குரலில்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?"

"இப்போதைக்கு ஒண்ணும் சிக்கலை. ஆனா கட்டில், மேஜை, நாற்காலின்னு எல்லாத்தோட கால்லயும் பழந்துணியைச் சுத்திக் கட்டி வெச்சிருக்கான். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய். எதுக்குன்னு ஸ்டேஷன்ல வெச்சுக் கேட்டுக்கறோம்."

"அப்புறம் விட்டுடுவீங்களா?"

"புதுச் சட்டம்மா. எப்போ விடுவோம்னு எங்களுக்கே தெரியாது. நீங்க கதவைச் சாத்திக்கோங்க."

சாத்திக்கொண்டாள். ஆனாலும் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் அவனை வெறுங்காலோடு இழுத்து வந்தார்கள். கையில் விலங்கு. உதடு கிழிந்து ரத்தம். இவள் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் நின்றான். கதவையே பார்த்தான்.

போன் செய்தது நான்தான் என்று தெரிந்துவிட்டது. என்னைத்தான் திட்டிக் கத்தப் போகிறான். குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அவன் பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் ரகசியம் போலச் சொன்னான்:

"கொஞ்சம் மெதுவா நடங்க சார். இந்த வீட்டுல குழந்தை தூங்குற நேரம்."