மாடி லைனில் ஆறு ஆம்பியர்

"மாடியில யாரு ஏ.சி. போட்டிருக்கிறது?"

பெரியவர் கேட்ட கேள்வி கூடத்திலிருந்த மூவருக்கும் பொதுவானதுதான். ஆயினும் வியர்த்துக் கொட்டியது மகனுக்கு மட்டும்.

சுவரில் புதிதாக வீற்றிருந்த பிரேக்கர் பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார் பெரியவர். பிரேக்கர் தயாரிக்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ஓடும் நொடியிலேயே எண்ணாகக் காட்டும் சிறிய திரை ஒன்று அந்தப் பெட்டியில் இருந்தது. சமையலறைக்கு ஓர் எண், அறைகளுக்கு ஓர் எண், மாடிக்கு ஓர் எண். காலையில், மகன் புறப்பட்டுப் போன பிறகு அது சுவரேறியதிலிருந்து பெரியவர் டி.வி. பக்கம் திரும்பவே இல்லை.

பெட்டியின் பெருமையை வீட்டார் அதற்குள் அனுபவித்தும் விட்டனர். "சமையல்கட்டுல நாலு ஆம்பியர் ஏறுதே, என்ன நடக்குது அங்க?" என்று அவர் குரல் கொடுத்த மாத்திரத்தில், மனைவியார் புறங்கையால் வாயைத் துடைத்தபடி வந்து, "கெட்டில்ல ஒரே ஒரு வாய் காபிதாங்க. சர்க்கரை கால் ஸ்பூன்கூட இல்ல" என்று ஒப்புக்கொண்டார். மதியம் அறைகளின் எண் துள்ளியபோது, கணவனுக்கும் சொல்லாமல் வாங்கி ஒளித்து வைத்திருந்த தலை உலர்த்தும் கருவியை மருமகள் தானாகவே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். இந்த விசாரணைகளில் மூழ்கியிருந்தமையால் மூன்றாவது எண்ணைப் பெரியவர், மகன் வீடு திரும்பிய பிறகு, இப்போதுதான் கவனித்தார்.

"குடியிருந்தவங்க காலி பண்ணி, மாடி பூட்டித்தானே கிடக்கு? அப்புறம் எப்படி ஆறு ஆம்பியர் ஓடுது?"

"பூனை கீனை ஏதாவது..." என்று மென்று விழுங்கினான் மகன்.

"ஆமாமா. பூனை வந்து ரிமோட்டை அமுக்கிட்டு, குளுகுளுன்னு கால் நீட்டிப் படுத்திருக்குதாக்கும்!"

"பெட்டி புதுசுப்பா. தப்பாக் காட்டலாம்."

"மனுஷன் பொய் சொல்லுவான்டா. ஆம்பியர் சொல்லாது. உங்கம்மாவைக் கேளு."

"என்னை ஏன் இழுக்கிறீங்க? அதான் கெட்டிலைப் பிடுங்கிப் பீரோவுல வச்சுப் பூட்டியாச்சே," என்றார் அம்மா.

மகனின் நிலைமையை இவ்விடத்தில் சொல்லிவிடுவதே முறையாகும். பெரியவரின் சிபாரிசில் கிடைத்த அவனது வேலை, ஆள்குறைப்பில் போன மாதமே போய்விட்டது. 'என் பேரைக் காப்பாத்துற பிள்ளை' என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லி மகிழும் தகப்பனாரிடம் அதைத் தெரிவிக்க அவனுக்கு நா எழவில்லை. ஆகவே தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, மனைவி தந்த டிபன் பாக்ஸுடன் தெருமுனை வரை செல்வான். பின்சந்து வழியே திரும்பி, வெளிப்படிக்கட்டில் ஓசையின்றி ஏறி, மாற்றுச் சாவியால் திறந்து, மாடியில் அமர்ந்து வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிக்கொண்டிருப்பான். கூடவே ஏ.சி.யும் ஓடும். வெயில் அப்படி.

இன்று இறங்கும்போது அதை அணைத்தோமா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"மாடிச் சாவியை எடும்மா," என்றார் பெரியவர் மருமகளிடம். "நானே போய்ப் பார்க்கிறேன். திருடனா இருந்தா கையும் களவுமாப் பிடிச்சிடலாம்."

"தடி ஏதாவது வேணுங்களா மாமா?" என்று ஆவலுடன் கேட்டாள் அவள்.

மேலே அவனது பாய் இருந்தது, தலையணை இருந்தது, நிராகரிப்புக் கடிதங்கள் நிறைந்த கம்ப்யூட்டரும் இருந்தது. பெரியவர் வாசலை நெருங்குவதற்குள் மகன் குறுக்கே போய் நின்றான்.

"போகாதீங்கப்பா. அந்தத் திருடன் நான்தான்."

தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். முதலில் வாய் திறந்தவள் மருமகள்.

"அப்போ நான் விடியக்காலையில எழுந்து கட்டிக் கொடுத்த சாப்பாடு?"

"மேலதான் சாப்பிட்டேன்."

"நம்ம தலைக்கு மேலயேவா? சொல்லியிருந்தா சுடச்சுட நேரா வந்து போட்டிருப்பேனே! இதுல 'ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு'ன்னு தினமும் குறை வேற!"

பெரியவர் மெல்லத் திரும்பி வந்தார். இடி விழும் என்று காத்திருந்த மகனின் தோளில் அவரது கைதான் விழுந்தது.

"வேலை போனா போகுதுடா, வேற தேடிக்கலாம். ஆனா இத்தனை நாள் தனியா உக்காந்து புழுங்கியிருக்கியே..."

"ஏ.சி. இருந்துச்சுங்க," என்றார் அம்மா.

அது பெரியவரின் காதில் விழவில்லை. பெட்டியை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார். "இது மட்டும் இல்லைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? இனிமே இந்த வீட்டுல யாரும் எதையும் மறைக்க முடியாது."

அப்போது, காலையில் பெட்டியைச் சுவரில் பொருத்திய எலக்ட்ரீஷியன், தோளில் ஒயர்ச் சுருளுடன் வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, ஒயர் கிடைக்க இவ்வளவு நேரமாயிடுச்சு. மெயினைக் கொஞ்சம் அணைச்சீங்கன்னா, வீட்டு லைனையெல்லாம் இதுல மாட்டிடுவேன்."

"இனிமேதான் மாட்டணுமா? அப்போ இதுல இப்ப ஓடிக்கிட்டு இருக்கிறது?"

"அதுங்களா? கடைக்கு வர்றவங்களுக்குக் காட்டுறதுக்காகக் கம்பெனிக்காரங்களே போட்டு வச்சிருக்கிற சாம்பிள் நம்பருங்க. திரைக்கு மட்டும் கரண்ட் கொடுத்தா, அது பாட்டுக்கு ஏறும், இறங்கும்."

மாடி ஏ.சி.யைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு இறங்கியது, அந்த நொடியில்தான் மகனுக்குத் தெள்ளத்தெளிவாக நினைவுக்கு வந்தது.