பத்து நாள் மினுமினுப்பு

டப்பாவின் அடியை விரலால் வழித்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு திறந்தது. ரிதா நின்றுகொண்டிருந்தாள். சாந்தாமணிக்குக் கையை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் ரிதா ஆபீஸிலிருந்து நேராக ஹூஸ்டனுக்கு டிரைவ் பண்ணிப் போய்விடுவாள். இன்று வீட்டுக்கு வருவாள் என்று யார் கண்டது?

ஃபிரிஸ்கோவில் இருவரும் ஒரே அபார்ட்மென்டில் சேர்ந்து குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சாந்தாமணிக்கு ஊர் பொள்ளாச்சி, வயது முப்பது. ரிதா கீழக்கரைக்காரி, மூன்று வயது இளையவள்.

டெக்சாஸுக்கு வந்ததிலிருந்தே சாந்தாமணியின் முகம் அவள் பேச்சைக் கேட்பதில்லை. கன்னமெல்லாம் பரு, நெற்றியில் கருந்திட்டு. பயத்தமாவு பூசினாள், பப்பாளி பூசினாள். சர்க்கரையை விட்டாள், பாலை விட்டாள். மூன்று மாதம் விடாமல் காரட் ஜூஸ் குடித்ததில் உள்ளங்கை மஞ்சளானதுதான் மிச்சம். போட்டோவைப் பார்த்துவிட்டு மூன்று மாப்பிள்ளை வீட்டார் பதிலே போடவில்லை. நாலாவது ஆள் பக்கத்து ஊரான ஆலனில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, இங்கே அவளுக்கு வரன் பார்க்கும் அனந்தலக்ஷ்மி ஆண்ட்டி வீட்டில் அவளைப் பார்க்க வருகிறான்.

ரிதாவுக்கோ முகம் பளிங்கு மாதிரி இருந்தது. அப்படியும் அவள் ஓயவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், ஈரம் காய்வதற்குள் லோஷன், நாள் முழுக்கத் தண்ணீர். முட்டையும் மீனும் கணக்கில்லாமல் சாப்பிடுவாள். கத்தரிக்காய், கருவாடு பக்கமே போகமாட்டாள். காலையும் மாலையும் அறையைப் பூட்டிக்கொண்டு அரைமணி நேரம் ஏதோ தடவுவாள்.

ஹூஸ்டனில் ஒருத்தன் இருக்கிறான் என்று சாந்தாமணி முடிவு கட்டிவிட்டாள். கேட்டால் ரிதா பேச்சை மாற்றுவாள். சரி, ஆள் யாராயிருந்தால் என்ன என்று அவள் செய்ததையெல்லாம் இவளும் அப்படியே செய்து பார்த்தாள். ஒரு பரு கூட அசையவில்லை.

பத்து நாளைக்கு முன்புதான் குளியலறை அலமாரியின் பின்வரிசையில் இந்த டப்பா கண்ணில் பட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பு. தொடையிலும் முதுகிலும் இருவேளை தடவவும் என்று சீட்டு ஒட்டியிருந்தது. அங்கெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள், மருந்துக்கடையில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டாள். ராத்திரி ஒரு துளி முகத்தில் வைத்தாள். காலையில் சிவப்பு தணிந்திருந்தது. அதற்கப்புறம் கையைக் கட்டிப்போட முடியவில்லை.

ரிதா டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருந்த இன்னொரு டப்பா காலையில்தான் தீர்ந்ததாம். ஹூஸ்டனுக்குக் கிளம்பும் முன் இதை எடுத்துப்போக வந்திருக்கிறாள். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். டாக்டர் சொல்லாமல் மறுபடி தரமுடியாது என்றார்கள். டாக்டர் ஆபீஸிலோ ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான். மறுபடி கடைக்காரரைக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை.

சாந்தாமணி இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். தன்னிடம் இருந்த விலையுயர்ந்த கிரீம்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். ரிதா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில்தான் சாந்தாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஒரு டப்பா கிரீமுக்கு இவ்வளவா ரிதா? உனக்கு இருக்கற மூஞ்சிக்கு அது இல்லாட்டி என்ன? ஹூஸ்டன்காரரு வேண்டாம்னா சொல்லிருவாரு?"

"ஹூஸ்டன்ல ஆளுன்னு யாரும் இல்லக்கா. ஃபைஹா இருக்கா. என் கூடப் பொறந்தவ. நாங்க ரெட்டை, ஒரே அச்சு."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் ஃபைஹா குடியிருந்த அபார்ட்மென்டில் தீப்பிடித்துவிட்டது. கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்துபோய், இன்னும் ஐசியுவில்தான் கிடக்கிறாள். வாப்பாவுக்கு ஹார்ட் பலவீனம் என்பதால் ஊரில் சொல்லவில்லை. இங்கே ஒருவரிடம் சொன்னாலும் ஊருக்குப் போய்விடும் என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சாந்தாமணி கையிலிருந்த கிரீம்களைக் கீழே வைத்தாள். அடுத்த கணமே அந்தக் குளியல், அந்த லோஷன், பூட்டிய கதவு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. தான் மூன்று மாதம் கண்ணாடி முன் நின்று அழுத அழுகையும் சேர்ந்துகொண்டது. இவளுக்கு என்ன குறை?

"கூடப் பொறந்தவ அங்க வெந்து கெடக்கறா. நீ இங்க உக்காந்து தோலப் பளபளன்னு வெச்சுக்கிட்டு இருக்க. உனக்கு எப்படி மனசு வருது?"

ரிதா கோபப்படவில்லை. சல்வாரைத் தொடைவரை சுருட்டினாள். அங்கே சிவப்புச் சிவப்பாய்ச் செதில் கட்டிய திட்டுகள். இரண்டு இடத்தில் சொறிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

"இதப் பாத்துட்டு டாக்டர் ரெண்டு தடவ ஆபரேஷன தள்ளிப் போட்டாரு. திங்கக்கிழம மறுபடி பாக்கறாரு."

"ஆபரேஷன் ஃபைஹாவுக்குத்தான? உன் கால எதுக்குப் பாக்கறாரு?"

"அவளுக்கு ஒட்டப் போறது என் தோலுதான்க்கா."