மிளகுக்கொடி

தென்னை மரத்தில் பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறபோது, கீழேயிருந்து மாமியார் திட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்கு எரிந்தது.

"எறங்கு புள்ள கீழ! கைக்கொழந்தைய ஊட்டுல போட்டுட்டு மரத்துல உனக்கென்ன வேலை?"

மெஷின் வைத்து மரமேறுகிற பயிற்சி, பெருமாட்டி பஞ்சாயத்தில் பெண்களுக்கு நடந்தது. போய்ப் படித்துவிட்டு மெஷினோடு வந்தேன். வெள்ளிக்கிழமை அங்கே திரும்பப் போய் ஏறிக் காட்டினால் மெஷின் எனக்கே. இல்லையென்றால் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

காலுக்கு ஒரு கம்பி வளையம். மரத்தைச் சுற்றி மாட்டி, கால் மாற்றி கால் மாற்றி ஏறணும். எங்கள் தோப்பில்தான் அதற்கு வழியில்லை. நேராக நிற்கிற மரத்திலெல்லாம் அத்தை மிளகுக்கொடி ஏற்றியிருந்தாங்க. கொடி மேல் கம்பி நகராது. கொடியில்லாத மரம் ஒன்றே ஒன்று. அதுவும் கிணற்று மேல் சாய்ந்து நிற்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோப்பு பூபதிராஜா அண்ணன் கேட்டார், "ஏனம்மிணி, மேல டவர் நல்லாக் கெடைக்குதா?"

இடது கால் வளையம் வழுக்கியது. முட்டி தோலுரிந்து ஒரு வழியாக இறங்கினேன்.

"போதும். கொண்டுபோய்க் குடுத்துரு அந்தச் சனியன" என்றாங்க அத்தை.

"நேர் மரத்துக் கொடிய எடுத்து உடுங்கத்தை. ஏறிக் காட்டறேன்!"

"கொடியத் தொட்டுப் பாரு, கைய முறிச்சுப் போடறேன். என்ற மகனைவிட அருமையா வளத்துனது!"

"அப்ப அதையே கட்டிக்கிட்டு இருங்க!"

மெஷினை வாசலில் வீசிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு அவங்களோடு ஒரு பேச்சில்லை.

மறுநாள் விடிந்ததும் தோப்பிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்.

"செல்வி! இங்க வா!"

ஓடினேன். ஒரு வரிசை மரம் முழுக்கக் கொடியில்லை. அடியோடு அறுத்து இழுத்துப் போட்டிருந்தது. தரையெல்லாம் பச்சை மிளகு.

"கோவம் வந்தா இப்பிடியா பண்ணுவ?"

"நான் தொடவே இல்லீங்க!"

"பின்ன கொடி தானா எறங்கி வந்துச்சா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "செய்யாததுக்கெல்லாம் பேச்சு வாங்க முடியாதுங்க. இப்பவே மெஷினக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வர்றேன். உங்கம்மாளுக்கும் குளுகுளுன்னு இருக்கும்!"

"அவளை எதுக்குடா வெரட்டறே?"

மரங்களுக்குப் பின்னாலிருந்து அத்தை வந்தாங்க. கையில் கொடுவாள். முழங்கை வரைக்கும் கீறல். கொண்டையில் ஒரு மிளகு இலை.

"நாந்தான் அறுத்தேன்."

அவர் வாயைப் பிளந்தார். "ஏம்மா, என்னைவிட அருமையா வளத்துனதுன்னு..."

"கொடி நட்டாத் தழையும். இவ அந்தக் கெணத்து மரத்துல ஏறுறப்பெல்லாம் என்ற ஈரக்கொலை நடுங்குதுடா."

என் பக்கம் திரும்பினாங்க. குரல் இறங்கியிருந்தது.

"நேர் மரத்துல ஏறுனாலும் பயத்துல நான் கத்தத்தான் கத்துவேன். நான் கத்துனாலும் நீ எறங்கிராத அம்மிணி."