உப்பிட்டவர்

டிரில்லிங் மெஷினை நிறுத்திவிட்டு ஞானசிங் உதட்டை நக்கினான். உப்பு கரித்தது.

வியர்வையாக இருக்கும் என்று நினைத்தான். கருங்கல் ஊரின் வெயில் ஆளை உருக்கி எடுத்துவிடும். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தூணின் உச்சியில் துளையைச் சுற்றிக் குவிந்திருந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

உப்புதான்.

பொடியை உள்ளங்கையில் பரப்பினான். செங்கல்லின் சிவப்பு, சிமெண்டின் சாம்பல், நடுவே குருணை அளவில் வெள்ளையாக ஒரு சிப்பித் துண்டு.

கடல் மணல்.

ஏணியில் நின்றபடியே கீழே பார்த்தான். வீட்டுக்காரர் ஜான்ரோஸ் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பேத்தி அஜிஷாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஊஞ்சல் கட்டத்தான் இந்த இரண்டு செங்கல் தூண்களும், குறுக்கே போட அயினி மர உத்திரமும். பூச்சும் பெயிண்டும் முடிந்து தூண்கள் கல்யாண மாப்பிள்ளைபோல நின்றன.

மணல் வியாபாரி வீட்டுத் தூணிலேயே கடல் மணல்! ஞானசிங்குக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீடு கட்டும்போது ஒவ்வொரு லோடு ஆற்று மணலையும் கையால் அள்ளிப் பார்த்துத்தான் ஜான்ரோஸ் இறக்கினார். தூண் பிறகு வந்த யோசனை. கொத்தனார் ஒரு லோடு கேட்டிருப்பார். டிரைவர் பழக்க தோஷத்தில், ஊராருக்கு அடிக்கும் குவியலிலிருந்தே அள்ளி வந்திருப்பான்.

ஞானசிங்குக்கு அந்த மணலின் கணக்குத் தெரியும். முதல் மழைக்கு உப்பு பூக்கும். இரண்டாவது மழைக்கு உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்து வீங்கும். மூன்றாவது மழைக்கு, வீங்கிய இரும்பு காரையைப் பிளந்துகொண்டு வரும். அப்புறம் உத்திரம் ஊஞ்சலில் இருப்பவர் தலையில்தான் இறங்கும்.

சொல்லிவிட வேண்டும். ஒரு வார்த்தை போதும். தூணை இடித்து நல்ல மணலில் கட்டினால் ஒரு வாரத்து வேலை.

"கொச்சுக்கு எத்தன வயசு ஆவுது?" என்று கேட்டான்.

"நாலு முடிஞ்சு. ஓய் மேஸ்திரி, போல்ட்ட நல்லா முறுக்கும் கேட்டீரா? எனக்க பேத்தியாக்கும் ஆடப்போறது."

ஞானசிங் ஏணியிலிருந்து இறங்கினான். ஜான்ரோஸின் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். ஞானசிங் செம்பைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறினான்.

துளையை ஊதிச் சுத்தம் செய்தான். வேலைக்கு நின்ற இரண்டு பேர் கை கொடுக்க, உத்திரத்தைத் தூக்கித் தூண்களின் மேல் உட்கார வைத்தான். கிளாம்பைப் போட்டு, போல்ட்டை இறக்கி, ஸ்பானரால் முறுக்கினான். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

சங்கிலியை மாட்டியதும் அஜிஷா ஓடிவந்து பலகையில் ஏறிக்கொண்டாள். ஜான்ரோஸ் எழுந்து வந்து தூணை இரண்டு தட்டுத் தட்டினார்.

"எத்தன வருசம் நிக்கும் மேஸ்திரி?"

"மூணு வருசத்துக்கு ஒண்ணும் பயப்படாண்டாம்."

ஜான்ரோஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். மேஸ்திரிக்கு எப்போதும் தமாஷ்தான் என்று மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் ஞானசிங்கும் வீடு கட்டியிருந்தான். மணல் ஜான்ரோஸ் கொடுத்தது. மூன்றாவது மழையில் ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடு இடிந்து விழுந்தது. அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நின்ற அவன் மகள் லீமாவுக்கு ஏழு வயது. அடக்கத்துக்கு வந்த ஜான்ரோஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்.

"மாமா, தள்ளி விடுங்க" என்று அஜிஷா காலை நீட்டினாள்.

ஞானசிங் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகத் தள்ளிவிட்டான்.