முப்பத்தொரு தப்பு

"முப்பத்தொரு தப்பு! ஒரே மாசத்துல! என்ன சிஸ்டர் நடக்குது உங்க வார்டுல?"

மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் காகிதத்தை மேசை மேல் வீசினார்.

அவர் நோயாளியின் நாடி பிடித்துப் பல வருஷமாகிறது. ஆஸ்பத்திரிகளின் தரத்தை உயர்த்துவதுதான் இப்போது அவர் தொழில். அதில் அவருக்கு நல்ல பேர். தவறு நடந்தால் உடனே எழுதிவைக்கச் சொல்லி வார்டுக்கு ஒரு நோட்டு கொடுத்ததும் அவர்தான்.

மூன்றாவது வார்டின் தலைமை நர்ஸ் எழுந்து நின்றாள். இருபது வருஷ சர்வீஸில் இப்படி எல்லார் முன்னாலும் நின்றதில்லை.

"சார், மாத்திரை அரை மணி லேட்டானாக்கூட எழுதிடறோம். கையில கட்டுற பேர்ப்பட்டையை ஆள் மாத்திக் கட்டினதை அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சோம், அதையும் எழுதினோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"எழுதத்தான் சொன்னேன். தப்பு பண்ணச் சொன்னேனா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அஞ்சாவது வார்டைப் பாருங்க. ஆறு மாசமா பூஜ்யம்!"

சிறந்த வார்டுக்கான கேடயம் அஞ்சாவது வார்டுக்குப் போனது. மேலிடத்துக்கு அனுப்பப் போட்டோவும் எடுத்தார்கள். அவளுக்கு வந்தது, விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

வார்டுக்குத் திரும்பியதும் சின்ன நர்ஸ் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, அஞ்சாவது வார்டுல போன வாரம் ஒருத்தருக்கு ஊசியே மாத்திப் போட்டாங்களாமே. அதை எழுதலையா?"

"போய் வேலையைப் பாருடி."

மூன்று வாரம் கழித்து, மதியம், பெரிய டாக்டர் வார்டில் இருந்த தலைமை நர்ஸின் அறைக்குள் தனியாக நுழைந்தார். அடுத்த மெமோ என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"சிஸ்டர், ஒரு பெட் வேணும். என் வொய்ஃபுக்குப் பித்தப்பையில கல்லு. நாளைக்கு ஆபரேஷன்."

"அஞ்சாவது வார்டுல தனி ரூமே காலியா இருக்கே சார்."

"அங்க வேண்டாம்."

"ஆறு மாசமா ஒரு தப்புகூட..."

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாப்பது பெட் இருக்கிற வார்டுல ஆறு மாசம் தப்பே நடக்காம இருக்குமா? எழுதாம மறைக்கிறாங்க. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த வேலையில இருக்கேன்?"

"தெரிஞ்சேவா சார் கேடயம் கொடுத்தீங்க?"

"மேலிடத்துக்குப் பூஜ்யம் காட்டினாத்தான் பிடிக்குது. என் பிழைப்பு அப்படி. நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் குரல் இறங்கியது.

"அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்காது சிஸ்டர். முன்னே ஒரு இடத்துல கவனிக்காம போட்டுட்டு, யார்கிட்டயும் மூச்சு விடலை. பிழைச்சதே பெரிய விஷயம். இங்கன்னா கை தவறினாலும் உடனே நோட்டுல ஏறிடும், உடனே சரி பண்ணிடலாம். அந்த நோட்டை நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன்."

வெளியே சக்கர நாற்காலியில் இருந்த அவர் மனைவி, கதவுக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"பெட் தரேன் சார். அம்மாவை நானே பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன். ஆனா அந்த நோட்டை மட்டும் நம்பாதீங்க."

"ஏன்?"

"உங்க மெமோ வந்த நாள்லேர்ந்து எங்க வார்டும் பூஜ்யம்தான் சார்."