தகர மனிதனின் கும்பிடு

எண்பத்து மூணாம் வருஷத்து ஆயுதபூஜை வெயில் மில் முற்றத்தில் கொட்டிக் கிடக்கிறது. பொட்டு வைத்த மெஷின்களுக்கு நடுவே, பொட்டு வைத்த தகர மனிதன் நிற்கிறான். எண்ணெய் டின் உடம்பு, சைக்கிள் லைட் கண். ஆறு மாதம் சோறு தண்ணி மறந்து அவனைச் செய்த கலியமூர்த்தி, அவனைத் தூரத்திலிருந்தே ஆட்டுவிக்கும் ரேடியோப் பெட்டியைப் பெற்ற பிள்ளையைப் போல அணைத்திருக்கிறான். மில்லே பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றழைக்கும் மானேஜருக்குத் தகரம் ஒரு கும்பிடு போட்டால் போதும், எலக்ட்ரிக் செக்‌ஷனில் வேலை நிச்சயம். பொத்தானை அழுத்துகிறான். தகரமோ கடகடவென்று முசியேவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூட்டத்தில் நிற்கும் பலராமனுக்கு, கலியமூர்த்தி பெண்டாட்டியின் தம்பிக்கு, கும்பிடு போடுகிறது. கூடியிருக்கும் முத்தியால்பேட்டை ஊர்ச்சனத்தின் அத்தனை பல்லும் வெளியே தெரிகிறது. பலராமனின் துண்டுக்கடியில் இன்னொரு பெட்டி. இருவரும் மெட்ராஸுக்குப் போய், ஜோடியாக எடுத்தால் மலிவென்று பெட்டியின் அலைவரிசையை முடிவுசெய்யும் கிரிஸ்டலை ஒரே எண்ணில் ஆளுக்கொன்றாக வாங்கி வந்தது கலியமூர்த்திக்கு இப்போதுதான் உறைக்கிறது. எந்தப் பெட்டிக்குப் பலம் அதிகமோ, அதன் பேச்சைத்தான் தகரம் கேட்கும்.

“இன்னா மாமா, பொம்மைக்கு ஆளு தெரியுதே!” என்கிறான் பலராமன்.

“நிறுத்துடா டேய்! முசியே, இத செஞ்சது நானு…”

தகரக் கை சுழன்று கலியமூர்த்தியின் கன்னத்தில் பளாரென்று இறங்குகிறது. மில் கூரையே எழும்பி உட்காரும்படி சிரிக்கிறது கூட்டம். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பது அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி. முசியே கண்ணைத் துடைத்துக்கொண்டு பலராமன் தோளில் கை போடுகிறார்.

“திங்கக்கிழம வேலைக்கு வந்துடுப்பா. பொம்மையத் தூக்கிட்டு வர உங்க மாமாவயும் கூட்டிட்டு வா.”