போர்வைக்குள் ஒரு பாட்காஸ்ட்

பட்டப்பகலில் கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, ரெங்கராஜும் செல்வராணியும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகிப் பதினான்கு வருடமான ஜோடி.

"வேர்க்குது ராணி."

"பொறுங்க. ஸ்டுடியோன்னா அப்படித்தான். வெளிச் சத்தம் உள்ள வரக் கூடாதுல்ல?"

புருஷனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அறந்தாங்கிப் பெண்களுக்காக ஒரு பாட்காஸ்ட் தொடங்க வேண்டும் என்பது செல்வராணியின் ஆசை. கையிலிருந்த காசு, சட்டையில் மாட்டும் மைக் வாங்கவே சரியாகப் போயிற்று. முதல் விருந்தாளி செலவில்லாமல் கிடைத்தார். ரெங்கராஜ் பதினோரு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு, போன மாதம்தான் திரும்பியிருந்தார்.

மைக்கை அவர் பனியனில் மாட்டினாள். போனில் பதிவைத் தொடங்கி, அதன் திரையை அவர் பக்கம் திருப்பித் தலையணையில் சாய்த்துவிட்டு, கேள்வித்தாளை எடுத்தாள்.

"குவைத் வாழ்க்கை எப்படி இருந்துச்சு, சார்?"

"இருந்துச்சு."

"வீட்டு ஞாபகம் வருமா?"

"ம்."

"இந்த 'ம்'மையா ஊரே கேக்கணும்? பதினோரு வருசமா போன்லயும் இதே 'ம்'தான். என்கூடப் பேசப் பிடிக்கலையோன்னு எத்தன நாள் அழுதிருக்கேன், தெரியுமா?"

அது தாளில் இல்லாத கேள்வி. ரெங்கராஜ் போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ரூம்ல பன்னெண்டு பேரு, ராணி. அத்தன பேரு காதுலயும் விழுற மாதிரி ஒங்கிட்ட என்னத்தப் பேசுறது?"

அதன்பிறகு மடை திறந்துகொண்டது. சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு முதல் இரண்டு வருடம் ஹோட்டலில் பாத்திரம் கழுவியதைச் சொன்னார். மகள் பிறந்த செய்தி வந்த அன்று, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாராம். செல்வராணியின் போட்டோவைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்ததைச் சொல்லும்போது அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

செல்வராணி கேள்வித்தாளாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைக் கேட்டால் அறந்தாங்கியே அழும்! ஆசையோடு போனைத் திருப்பினாள்.

திரை இருண்டு கிடந்தது. சார்ஜ் தீர்ந்து எப்போதோ அணைந்திருந்தது.

"போச்சுங்க! நீங்க சொன்னது ஒண்ணுகூடப் பதிவாகல!"

"தெரியும். அது அணைஞ்சதப் பாத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சேன்."